கடலைத் தாண்டிய குட்டி விமானம்!

ஒரு ஆள் கையில் தூக்கிப் போகக்கூடிய விமானம். எடை ஐந்து கிலோவைத் தாண்டாது. இறக்கையின் நீளம் ஆறு அடி. மரக் குச்சிகளால் கூடு கட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஆள் கிடையாது. ஆள் உட்கார இடமும் கிடையாது.

அந்தக் குட்டி விமானம் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைத் தாண்டியது!

2003-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி மாலை, கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் அது புறப்பட்டது. இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் எங்கும் இறங்காமல் பறந்தது. 11-ந் தேதி பிற்பகல் அயர்லாந்து நாட்டுக் கடற்கரையில் வந்து இறங்கியது. பறந்த தூரம் 3,028 கிலோமீட்டர். பறந்த நேரம் 38 மணி 52 நிமிடம்.

இதைச் செய்தது பெரிய விமானக் கம்பெனி அல்ல, ராணுவமும் அல்ல. செய்தவர் 77 வயதான ஒரு கிழவர். அவருக்குக் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. காதும் சரியாகக் கேட்காது. விமான மாதிரி செய்து பறக்க விடுவது அவருடைய பொழுதுபோக்கு. அவர் பெயர் மேனார்ட் ஹில்.

"பொழுதுபோக்கா? இந்த வயதில் பொம்மை விமானமா?" என்று கேட்கத் தோன்றும். ஹில்லின் கதையைக் கேட்டால், அந்தப் பொழுதுபோக்குக்குள் எவ்வளவு படிப்பும் எவ்வளவு பொறுமையும் அடங்கியிருக்கின்றன என்பது விளங்கும்.

அப்பா வாங்கி வந்த பொம்மை

பொம்மை விமானத்தை இலேசாக நினைக்கக் கூடாது. பெரிய விமானமே பொம்மையிலிருந்து பிறந்ததுதான்.

1878-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பாதிரியார், வெளியூர் போய்த் திரும்பும்போது தம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம் இவற்றால் செய்தது. ரப்பர் நாடாவை முறுக்கி விட்டால் 'விர்'ரென்று மேலே பறக்கும். மூத்த பையனுக்கு அப்போது வயது 11. இளையவனுக்கு 7. அது உடையும் வரையில் இருவரும் விளையாடினார்கள். உடைந்த பிறகு, அதைப் பார்த்துத் தாங்களே வேறொன்று செய்தார்கள்.

அந்தப் பிள்ளைகள்தான் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 25 ஆண்டுகள் கழித்து, 1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, எஞ்சின் பொருத்திய விமானத்தில் மனிதன் பறக்க முடியும் என்று காட்டிய சகோதரர்கள்!

ரப்பர் நாடாவில் பறக்கும் பொம்மைக்கு ஒரு குறை உண்டு. கையை விட்டுப் போனால், போனதுதான். காற்று எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். மரத்தில் மாட்டும்; குளத்தில் விழும். பறக்கும் விமானத்தைத் தரையில் நின்றபடியே திருப்ப முடியாதா என்று பலரும் யோசித்தார்கள்.

அதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைப் பிள்ளைகள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவருக்கு விமானத்தில் பித்து. மற்றவருக்கு ரேடியோவில் பித்து. இருவர் பித்தும் ஒன்று சேர்ந்தது! 1937-ம் ஆண்டு, எட்டடி இறக்கை கொண்ட விமான மாதிரி ஒன்றை ரேடியோ அலைகளால் திருப்பிப் பறக்க விட்டார்கள். மறு ஆண்டு தேசியப் போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அந்த விமானம் பின்னர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள விமானக் காட்சிசாலைக்குச் சென்றது.

கட்டை விரலில் கடிவாளம்

தரையில் நிற்பவர் எப்படி ஆகாயத்தில் உள்ள விமானத்தைத் திருப்புகிறார்?

அவர் கையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு சிறு குச்சிகள். இரண்டு கட்டை விரல்களாலும் அவற்றை அசைக்கிறார். குச்சி அசைந்த அளவைப் பெட்டி ரேடியோ அலையாக மாற்றி அனுப்புகிறது. விமானத்தின் வயிற்றில் உள்ள சின்னஞ்சிறு ரேடியோ அதைக் கேட்கிறது. கேட்டதும், தீப்பெட்டி அளவுள்ள சில மோட்டார்களுக்கு உத்தரவு போடுகிறது. இந்த மோட்டாருக்கு 'செர்வோ' என்று பெயர்.

ஒரு செர்வோ, வாலில் படுத்தாற்போல் இருக்கும் பலகையை அசைக்கும். விமானம் மூக்கைத் தூக்கும் அல்லது தாழ்த்தும். இன்னொன்று, வாலில் செங்குத்தாக நிற்கும் பலகையை அசைக்கும். மூக்கு இடமோ வலமோ திரும்பும். வேறொன்று, இறக்கையின் ஓரத்தில் உள்ள பலகைகளை அசைக்கும். விமானம் ஒரு பக்கமாகச் சாயும். எஞ்சினின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இன்னும் ஒன்று.

பெரிய விமானத்தில் விமானி செய்வதும் இதைத்தான். அவர் விமானத்துக்குள் உட்கார்ந்து செய்கிறார். இவர் புல்தரையில் நின்று செய்கிறார்.

நின்றுகொண்டு செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது, குச்சியை வலது பக்கம் தள்ளினால் விமானமும் நமக்கு வலது பக்கம் போகும். அதுவே திரும்பி நம்மை நோக்கி வரும்போது, குச்சியை வலது பக்கம் தள்ளினால் நம் கண்ணுக்கு இடது பக்கம் போகும்! எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடப்பக்கம் தெரிவது போலத்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஒரு நொடி தடுமாறினால் போதும். ஒரு மாத வேலை மண்ணில் விழுந்து நொறுங்கும்.

ஆகவே பழகுகிறவர் தனியே பறக்க விடுவதில்லை. குருவிடம் ஒரு பெட்டி, சீடனிடம் ஒரு பெட்டி. இரண்டுக்கும் இணைப்பு இருக்கும். சீடன் தடுமாறினால், குரு தம் பெட்டியில் உள்ள விசையை மாற்றி விமானத்தைத் தம் வசம் எடுத்துக்கொள்வார். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் அப்பா இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாரே, அதைப் போல!

முந்தைய நாளில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரே ரேடியோ அலையில் இரண்டு பேர் பெட்டியைத் திறந்துவிட்டால், ஒருவர் உத்தரவு மற்றவர் விமானத்துக்குப் போய்விடும். விமானம் குழம்பிக் கீழே விழும். இதைத் தடுக்க மைதானங்களில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். துணி உலர்த்தும்போது மாட்டும் கிளிப்புகளில் அலை எண்ணை எழுதி அதில் மாட்டியிருப்பார்கள். உரிய கிளிப்பைக் கையில் எடுத்தவர்தான் அந்த அலையில் பெட்டியைத் திறக்கலாம். இன்றைய பெட்டிகள் தாங்களே அலை மாற்றிக்கொள்கின்றன. அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

முருங்கை போன்ற மரம்

விமான மாதிரி செய்ய ஏற்ற மரம் பால்சா. தென் அமெரிக்காவில் எக்குவடார் நாட்டில் ஏராளமாக விளைகிறது. நம் ஊர் முருங்கையைப் போல மளமளவென்று வளரும். உலர்ந்த பிறகு தக்கை போல இலேசாக இருக்கும். ஆனால் எடைக்குத் தகுந்த பலத்தைப் பார்த்தால், முரட்டு மரங்களோடு போட்டி போடும். சாதாரண பிளேடால் அறுக்கலாம்.

வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன்மேல் குச்சிகளை வைத்து, குண்டூசி குத்தி ஒட்டுவார்கள். இறக்கையின் எலும்புகள் ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று சற்று உயர்ந்தாலும் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை நேராகப் பறக்காது.

கூடு முடிந்ததும் மெல்லிய தாளை இழுத்து ஒட்டி, சூடு காட்டுவார்கள். தாள் சுருங்கி, மிருதங்கத்தின் தோல் போல் விறைப்பாக நிற்கும்.

பிறகு முக்கியமான சோதனை ஒன்று உண்டு. இறக்கையின் அடியில், குறித்த இடத்தில், இரண்டு விரல்களை வைத்து விமானத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். தராசு முள் போல் சமமாக நிற்க வேண்டும். மூக்கு சிறிது தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் ஆபத்து! வால் கனத்த விமானம் யார் சொல்லையும் கேட்காது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும், ஒரு நாள் விமானம் விழும். விழாத விமானம் பறக்காத விமானம்தான். விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஏன் விழுந்தது என்று யோசித்து, மறுபடி ஒட்டிப் பறக்க விடுகிறவரே இந்தக் கலையில் தேறுகிறார்.

மேனார்ட் ஹில் அப்படித் தேறியவர்.

யார் இந்த ஹில்?

ஹில் ஓர் உலோக விஞ்ஞானி. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். இரட்டையரில் ஒருவரான வால்டர் குட் வேலை பார்த்த இடமும் அதுவே.

ஓய்வு நேரத்தில் ஹில் விமான மாதிரி செய்வார். சும்மா பறக்க விடுவதோடு அவருக்குத் திருப்தி இல்லை. இன்னும் உயரம், இன்னும் தூரம், இன்னும் அதிக நேரம் என்று முயன்றார்.

1970-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவருடைய மாதிரி விமானம் 8,208 மீட்டர் உயரம் பறந்தது. எவரெஸ்ட் சிகரத்தை விட இது சுமார் 640 மீட்டர்தான் குறைவு. அவ்வளவு உயரத்தில் உள்ள குட்டி விமானம் வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாது. 1992-ம் ஆண்டில் அவருடைய இன்னொரு விமானம் 33 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறந்தது.

இப்படி உலக சாதனைகளைக் குவித்த மனிதருக்கு வயதான காலத்தில் ஒரு சோதனை வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும் நோய் அவர் கண்ணைத் தாக்கியது. இந்த நோய் வந்தால் ஓரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். நேரே பார்ப்பது தெரியாது. சட்டப்படி அவர் பார்வையற்றவர் என்றே கணக்கு. செவியும் மந்தமாயிற்று.

விமானம் விடுகிறவருக்குக் கண்தானே மூலதனம்? வேறொருவராக இருந்தால் கருவிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார். ஹில் பூட்டவில்லை. இளமையில் செய்யாத காரியத்துக்கு அப்போதுதான் திட்டம் போட்டார். 'மாதிரி விமானத்தைக் கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும்' என்பதே அந்தத் திட்டம்!

ஐந்து கிலோவுக்குள் ஒரு கணக்கு

விமானத்தைப் பெரிதாகச் செய்து, நிறைய எரிபொருள் ஊற்றி அனுப்பினால் கடலைத் தாண்டிவிடாதா? தாண்டலாம். ஆனால் அது மாதிரி விமானம் ஆகாது. உலக வான விளையாட்டுச் சங்கம் இதற்கு விதி வைத்திருக்கிறது. எரிபொருளோடு சேர்த்து எடை ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் 10 சி.சி.க்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் ஓடிய டி.வி.எஸ். 50 வண்டியின் எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு!

ஐந்து கிலோவில் விமானம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு? இதுதான் கணக்கு. எரிபொருளைக் கூட்டினால் விமானத்தை இளைக்க வைக்க வேண்டும். இளைத்தால் உடைந்துவிடும். ஹில் கிராம் கிராமாகக் குறைத்தார். கடைசியில் எரிபொருள் இல்லாத விமானம் மூன்று கிலோவுக்கும் குறைவாக வந்தது. மீதி எடை முழுவதும் எரிபொருள்.

அந்த எரிபொருளும் விசேஷமானது. வெளியூர் முகாம்களில் விளக்கு எரிக்க அமெரிக்காவில் விற்கும் சுத்தமான எண்ணெயை எடுத்து, எஞ்சின் தேயாமல் இருக்க வழவழப்பு எண்ணெய் சிறிது கலந்தார். மொத்தமே நாலு லிட்டருக்கும் குறைவு. அதைக் கொண்டு 3,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும். ஜப்பானில் செய்த ஒரு சிறு எஞ்சினை எடுத்து, அது மிகக் கொஞ்சமாகக் குடிக்கும்படி திருத்தினார். மணிக்கு நூறு மில்லிக்கு மேல் கொடுத்தால், கடல் நடுவிலேயே தொட்டி வறண்டுவிடும்.

இன்னொரு பெரிய கேள்வியும் இருந்தது. கரையில் நிற்பவரின் ரேடியோப் பெட்டி சில கிலோமீட்டர் தூரத்துக்கே பயன்படும். கண்ணுக்கு மறைந்த பிறகு விமானத்தை யார் ஓட்டுவது?

அதற்காக விமானத்துக்குள் ஒரு சிறு கம்ப்யூட்டரை வைத்தார்கள். செயற்கைக்கோள்களின் உதவியால் இருக்கும் இடத்தை அறியும் ஜி.பி.எஸ். கருவியை அதனுடன் இணைத்தார்கள். 'இந்த இடத்தில் இருக்கிறோம், இந்த இடத்துக்குப் போக வேண்டும்' என்று அது தானே கணக்குப் போட்டு வாலைத் திருப்பும். புறப்படும்போதும் இறங்கும்போதும் மட்டும் மனிதன் கை. நடுவில் முழுவதும் விமானம் தன்னந்தனி.

நண்பர்களின் கண்கள்

இது தனி மனிதன் செய்யக்கூடிய வேலை அல்ல என்பது ஹில்லுக்குத் தெரியும். ரேடியோ தெரிந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர், பறக்க விடத் தெரிந்தவர் என்று நண்பர்கள் சேர்ந்தார்கள். தொட்டுத் தடவிச் செய்ய முடிந்ததை அவர் செய்தார். பார்த்துச் செய்ய வேண்டியதற்கு நண்பர்களின் கண்கள் உதவின.

சோதனைக்கு இடம் வேண்டுமே? மேரிலாந்தில் பட்ஸ் என்ற பண்ணைக்காரர் தம் நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி விட்டார். அங்கே எத்தனையோ முறை பறக்க விட்டுப் பார்த்தார்கள். அந்த நன்றியை ஹில் மறக்கவில்லை. கடல் தாண்டிய விமானத்துக்கு 'பட்ஸ் பண்ணையின் ஆவேசம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே வைத்தார். 1927-ம் ஆண்டு நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்த லிண்ட்பர்க்கின் விமானத்துக்கும் இதே மாதிரி, 'செயின்ட் லூயி நகரின் ஆவேசம்' என்று பொருள்படும் பெயர்தான்.

விமானத்துக்குச் சுருக்கமாக இன்னொரு பெயரும் உண்டு: 'டாம் 5'. ஐந்து என்றால், முன்னால் நாலு இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தன. அவை எங்கே?

கடலில்!

2002-ம் ஆண்டு கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக விமானங்களை அனுப்பினார்கள். ஒன்றுகூட மறுகரை சேரவில்லை. மாதக் கணக்கில் செய்த வேலை, மணிக் கணக்கில் கடலுக்கு இரையாயிற்று. நண்பர்கள் மேரிலாந்துக்குத் திரும்பினார்கள். தவறு எங்கே என்று தேடினார்கள். மறுபடி செய்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் முதலில் புறப்பட்ட 'டாம் 4'-ம் தொலைந்தது.

நாலு முறை தோற்ற பிறகு ஐந்தாவது விமானத்தைக் கையில் எடுப்பது எளிய காரியமா?

கிழவர் கை வீசியது

ஆகஸ்டு 9-ந் தேதி. நியூபவுண்ட்லாந்துத் தீவின் கேப் ஸ்பியர் முனை. வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி அது. அங்கே நின்று பார்த்தால் எதிரே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

மாலை மணி 7.45. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹில் 'டாம் 5' விமானத்தைக் கையில் ஏந்திக் காற்றில் வீசினார். அது மேலே ஏறியது. உயரம் எட்டியதும், கரையில் இருந்தவர்கள் ரேடியோவை விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. விமானம் கிழக்கு நோக்கிப் போய் மறைந்தது.

சுமார் 300 மீட்டர் உயரத்தில், கடலுக்கு மேலே, இருட்டில் அது பறந்தது. அவ்வப்போது தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவித்தது. கரையில் இருந்தவர்கள் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்கள்.

முதல் இரவு கழிந்தது. மறு நாள் பகலும் கழிந்தது. நடுவில் சில மணி நேரம் தகவல் ஏதும் வரவில்லை. முந்தைய விமானங்களின் கதி எல்லார் மனத்திலும் இருந்தது. விமானம் விழுந்துவிட்டதா, பறந்துகொண்டிருக்கிறதா? யாராலும் சொல்ல முடியவில்லை. போய்ப் பார்க்கவும் வழி இல்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

மீண்டும் தகவல் வந்தது. விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது! பாதையும் தவறவில்லை.

அயர்லாந்துக் கரையில்

மறுகரையில், அயர்லாந்தின் கிளிப்டன் என்ற ஊருக்கு அருகே மேனின் கடற்கரையில் இன்னொரு கூட்டம் காத்திருந்தது. அமெரிக்க விமான மாதிரிச் சங்கத்தின் தலைவர் டேவ் பிரவுன் ரேடியோப் பெட்டியோடு நின்றார்.

இறங்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1919-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு விமானிகள் உலகிலேயே முதன்முதலாக அட்லாண்டிக்கை எங்கும் இறங்காமல் தாண்டினார்கள். அவர்கள் புறப்பட்டதும் நியூபவுண்ட்லாந்திலிருந்துதான். வந்து சேர்ந்ததும் கிளிப்டன் அருகேதான். சுமார் 16 மணி நேரம் பறந்து வந்தவர்கள், பச்சைப் பசேலென்று இருந்த இடத்தைப் புல்வெளி என்று நினைத்து இறங்கினார்கள். அது சேற்று நிலம்! விமானம் மூக்குக் குத்திச் சேற்றில் நின்றது. நல்ல வேளையாக இருவரும் பிழைத்தார்கள்.

84 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஆகாயத்தில், ஒரு குட்டி விமானத்தை எதிர்பார்த்து எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆகஸ்டு 11-ந் தேதி பிற்பகல் 2 மணி. மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. எஞ்சின் சத்தம் கேட்டது. டேவ் பிரவுன் விசையை மாற்றி, விமானத்தைத் தம் கட்டை விரல்களுக்குள் கொண்டுவந்தார். வட்டமிட்டுத் தாழ்த்தினார். 'டாம் 5' பத்திரமாகத் தரையைத் தொட்டது.

தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். மிஞ்சியிருந்த எரிபொருள் அரைத் தம்ளர்கூட இல்லை. எதிர்க்காற்று இன்னும் சிறிது நேரம் வீசியிருந்தால் கதை வேறாகியிருக்கும்!

ஹில் அப்போது நியூபவுண்ட்லாந்தில் இருந்தார். விமானம் இறங்கியதை அவர் பார்க்கவில்லை. செய்திதான் வந்தது. கேட்டதும் மனைவியைக் கட்டிக்கொண்டு குழந்தை போல் அழுதார்.

நம் பிள்ளைகளுக்கு

மேனார்ட் ஹில் 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது 85.

அவர் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. மரக் குச்சி, பசை, சிறு எஞ்சின், ரேடியோ. இவை எல்லாம் கடையில் கிடைப்பவை. கடையில் கிடைக்காதது ஒன்று உண்டு. விழுந்த விமானத்தைக் கண்டு சோராமல், 'ஏன் விழுந்தது?' என்று கேட்கும் குணம். அதைப் பழக்கத்தால்தான் பெற வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தக் கலை இருக்கிறது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாணவர்களுக்கு விமான மாதிரிப் பயிற்சி உண்டு. வீட்டில் ஒரு பிள்ளை காகித விமானம் மடித்து எறிந்தால், 'குப்பை போடாதே' என்று அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பார்க்கலாம். மூக்கில் ஒரு குண்டூசி செருகினால் எப்படிப் பறக்கிறது, இறக்கையின் பின் ஓரத்தைச் சற்று மேலே மடித்தால் என்ன ஆகிறது என்று அந்தப் பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். செலவு ஒரு தாள்தான். பெரிய விமானத்தின் சாத்திரம் அந்தத் தாளிலேயே தொடங்குகிறது.

ரேடியோ விமானத்துக்குப் போகிறவர்கள் சில எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலில் விஷயம் தெரிந்தவரிடம் பழக வேண்டும். இன்று நுரைப் பலகையில் செய்த விமானங்களும் மின்சார மோட்டாரும் வந்துவிட்டன. பழகுவதற்கு அவை நல்லவை; விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் சுழலும் விசிறியின் அருகே விரலைக் கொண்டுபோகக் கூடாது. சிறு விசிறிதானே என்று நினைத்தால் விரல் போய்விடும். லித்தியம் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்போது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீப்பிடிக்கலாம். ஜனங்கள் கூடும் இடத்திலும், மின்சாரக் கம்பிகளுக்கு அருகிலும், விமான நிலையத்துக்குப் பக்கத்திலும் பறக்க விடக் கூடாது. ஆள் இல்லாமல் பறப்பவற்றுக்கு 2021-ம் ஆண்டு அரசு விதிகள் வகுத்தது. எந்த இடத்தில் பறக்க விடலாம் என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். ஐந்து கிலோ விமானம் ஒரு மகா சமுத்திரத்தைத் தாண்டியது. அதை வீசி அனுப்பிய கைக்கு வயது 77!